உத்தரவாதத்தில் மின்கார் பேட்டரி: மாட்யூல் மாற்றமா, முழு பேக்கா, காத்திருப்பதா?

மின்காரின் பேட்டரி உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே சுணங்கத் தொடங்கிவிட்டால், வண்டியை சர்வீஸ் மையத்தில் விட்டுவிட்டுப் புத்தம் புதுப் பேட்டரியோடு ஓட்டி வரலாம் என்றுதான் உரிமையாளர் முதலில் நினைக்கிறார். உத்தரவாதப் பத்திரத்தைப் பொறுமையாக வாசித்தவர்களுக்கு, அப்படியொரு வாக்குறுதி அதில் பெரும்பாலும் இல்லை என்பது தெரிந்திருக்கும். பழுது நீக்கித் தரப்படும் அல்லது மாற்றித் தரப்படும் என்று மட்டுமே அங்கே எழுதியிருக்கும். இரண்டில் எது என்று முடிவுசெய்யும் உரிமையைத் தயாரிப்பாளர் தன்னிடமே வைத்துக்கொள்வார். ஆகவே உரிமையாளர் எடைபோட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகள் வேறு. எந்தக் காரணத்தைச் சொல்லிக் கோருவது, எப்போது கோருவது, கிடைக்கும் தீர்வை ஏற்பதா மறுப்பதா என்று அவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதல் கேள்வியில் தவறிவிட்டால் மற்றவை பெரும்பாலும் நம் கையைவிட்டுப் போய்விடும்.

பழுது என்று கோருவதா, தேய்மானம் என்று கோருவதா

இன்று விற்பனையாகும் மின்கார்களில் பெரும்பாலானவற்றுக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை பேட்டரிக்கு உத்தரவாதம் உண்டு. அந்தக் காலத்துக்குள் கொள்ளளவு 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அதற்கும் பொறுப்பேற்பதாகப் பல நிறுவனங்கள் எழுதித் தருகின்றன. இதைவிடத் தாராளமானவையும் இருக்கின்றன. டெஸ்லாவின் மாடல் எஸ் காருக்கு 2,40,000 கிலோமீட்டர் வரை பொருந்துகிறது. டொயோட்டா நிறுவனம் ஐரோப்பாவில் தன் பிஇசட்4எக்ஸ் காருக்கு, ஆண்டுதோறும் பேட்டரியைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு, 10 ஆண்டு அல்லது 10 லட்சம் கிலோமீட்டர் வரை 70 விழுக்காட்டுக்கு உறுதி தருகிறது. எண்கள் எப்படியிருந்தாலும் பத்திரத்துக்குள் இருப்பவை இரண்டு தனித்தனி வாக்குறுதிகள். ஒன்று பொருளிலோ தயாரிப்பிலோ உள்ள குறைக்கு. மற்றது காலப்போக்கில் வரும் தேய்மானத்துக்கு.

இந்த வேறுபாட்டின் விலையை முதலில் உணர்ந்தவர்கள் நிசான் லீஃப் காரின் தொடக்ககால உரிமையாளர்கள். 2010-இன் இறுதியில் வெளிவந்த அந்தக் காரின் பேட்டரிக்குப் பழுதுக்கான 8 ஆண்டு உத்தரவாதம் இருந்தது. மெல்ல மெல்லக் கொள்ளளவு குறைவதற்கு எந்தப் பொறுப்பும் எழுதப்படவில்லை. திரவக் குளிரூட்டல் இல்லாத அந்தப் பேட்டரிகள் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் வேகமாகத் தேய்ந்தபோது எழுந்த புகார்களுக்குப் பிறகே, 5 ஆண்டு அல்லது ஏறக்குறைய 96,000 கிலோமீட்டருக்குள், டாஷ்போர்டில் கொள்ளளவைக் காட்டும் மொத்தமுள்ள 12 கட்டங்களில் ஒன்பதுக்குக் கீழே குறைந்தால் கவனிப்பதாக நிசான் அறிவித்தது. அந்த அறிவிப்பிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சரிசெய்து தரும் பேட்டரி குறைந்தது ஒன்பது கட்டங்களைக் காட்டினால் போதும். பன்னிரண்டைக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. தேய்மானக் கோரிக்கையில் வெற்றி என்பதன் பொருள் பல நிறுவனங்களில் இவ்வளவுதான்: வரம்புக்கு மேலே தூக்கிவிடுவார்கள்.

பழுதுக் கோரிக்கையின் தன்மை வேறு. உள்ளிருக்கும் ரிலே (மின்சுவிட்ச்) மூடாமல் போவது, மின்கசிவைத் தடுக்கும் இன்சுலேஷன் எதிர்ப்பு குறைவது, குளிர்விக்கும் திரவம் கசிவது, ஒரு செல் தொகுதியின் வோல்டேஜ் மற்றவற்றிலிருந்து விலகி நிற்பது ஆகிய ஒவ்வொன்றும் காரின் கணினியில் ஒரு பழுதுக் குறியீட்டைப் பதிவுசெய்துவிடுகிறது. சர்வீஸ் மையம் அந்தப் பதிவைத் தயாரிப்பாளருக்கு அனுப்புகிறது, அனுமதி வருகிறது. வாதத்துக்கு இடம் குறைவு. தேய்மானத்திலோ அளவீடே வாதப்பொருள். டாஷ்போர்டு காட்டும் தூரம் சான்றாக ஏற்கப்படாது. குளிர், வேகம், டயர் காற்று, ஏசி எல்லாம் அந்த எண்ணை மாற்றும். தயாரிப்பாளர் வகுத்த முறையில், பேட்டரியைக் கிட்டத்தட்ட வெறுமையாக்கி மெதுவாக முழுக்க ஏற்றிப் பார்க்கும் சோதனையின் முடிவே செல்லும். தொடக்கத்தில் 60 யூனிட் கொண்ட பேட்டரியில் 71 விழுக்காடு என்பது 42.6 யூனிட், 69 விழுக்காடு என்பது 41.4 யூனிட். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓட்டத்துக்குத்தான் ஆகும். ஆனால் ஒன்றுக்கு மாற்றுப் பேட்டரி கிடைக்கும், மற்றதற்கு ஒன்றும் கிடைக்காது. சோதனையின்போது பேட்டரி குளிர்ந்திருந்ததா, வெதுவெதுப்பாக இருந்ததா என்பதே இந்த வித்தியாசத்தை உண்டாக்கிவிடும்.

இங்கே பலருக்குப் புலப்படாத ஓர் உண்மை உண்டு: ஒற்றைச் செல்லின் பழுது ஓட்டுநரின் கண்ணுக்குத் தேய்மானம் போலவே தெரியும். டெஸ்லா மாடல் எஸ் 85-இன் பேட்டரியில் 7,104 செல்கள் இருந்தாலும் அவை 74, 74 ஆகப் பக்க இணைப்பில் சேர்ந்து, அப்படிப்பட்ட 96 தொகுதிகள் தொடராக நிற்கின்றன. தொடரில் நிற்பதால் 96-இல் ஒன்று முதலில் காலியானால் மற்ற 95-இல் மின்சாரம் மிச்சமிருந்தும் வண்டி நின்றாக வேண்டும். ஒரே நுகத்தில் பூட்டிய காளைகளில் தளர்ந்த காளையின் நடைதான் வண்டியின் நடை. ஆகவே சர்வீஸ் மையத்தில், தூரம் குறைந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்பவரின் வண்டி தேய்மானச் சோதனைக்குப் போகிறது. 15 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று சக்தி குறைந்தது, ஏற்றும்போது குறிப்பிட்ட ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது என்று அறிகுறியை விவரிப்பவரின் வண்டியில் செல் வோல்டேஜ்களை எடுத்துப் பார்க்கிறார்கள். நடந்ததைத் தேதி, சார்ஜ் அளவு, எச்சரிக்கை விளக்கின் படம் ஆகியவற்றோடு எழுதிக் கொடுப்பதுதான் இதற்குத் தேவைப்படும் சாமர்த்தியம் எல்லாம். பழுது என்று கோர இடமிருக்கும்வரை தேய்மானம் என்று கோரக்கூடாது என்பதே என் கருத்து.

இரண்டுக்கும் முன்னதாக, சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அந்த மாடலுக்கு ரீகால் (குறையைச் சரிசெய்யத் தயாரிப்பாளரே வண்டிகளைத் திரும்ப அழைப்பது) ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அது இருந்தால் உத்தரவாதத்தைவிட மேலான வழி அதுவே. செவ்ரோலே போல்ட் காரின் எல்ஜி செல்களில், கிழிந்த ஆனோடு முனையும் மடிந்த பிரிப்பானும் ஒரே செல்லில் சேர்ந்தால் தீப்பிடிக்கக்கூடும் என்று கண்டறியப்பட்டு, 2021-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அதுவரை செய்த எல்லாப் போல்ட் கார்களையும் ரீகாலுக்குள் கொண்டுவந்தது. அதன் கீழ்ப் புதிய பேட்டரி பெற்ற கார்களுக்கு 8 ஆண்டு, 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் புதிதாகத் தொடங்கியது. அதே ஆண்டில் ஹூண்டாய் நிறுவனம் தன் கோனா கார் உள்ளிட்ட ஏறத்தாழ 82,000 வண்டிகளின் பேட்டரிகளை மாற்ற முடிவு செய்தது. வழக்கமான உத்தரவாத மாற்றத்தில் இத்தகைய புதுக் கணக்கு அரிதாகவே கிடைக்கும்.

காத்திருத்தல்

ஐந்தாம் ஆண்டில் 76 விழுக்காடு காட்டும் பேட்டரியின் உரிமையாளர், இன்னும் மூன்று ஆண்டில் 70-க்குக் கீழே போய்விடும், அப்போது மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுவது இயல்பு. லித்தியம் பேட்டரியின் தேய்மானம் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் இந்தக் கணக்கு பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. முதல் ஓரிரு ஆண்டுகளில் வேகமாக இறங்கும் கொள்ளளவு, பிறகு நிதானமடைந்து பல ஆண்டுகள் மெல்லவே சரியும். ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு ஏறக்குறைய 5 விழுக்காடு இழந்த பேட்டரி, இப்போது ஆண்டுக்கு 2 விழுக்காடுதான் இழந்துகொண்டிருக்கும் என்றால், எட்டாம் ஆண்டு முடியும்போது சரியாக 70-இல் வந்து நிற்கும். கோரிக்கை தகுதி பெறாது. கிலோமீட்டர் வரம்பும் சேர்ந்துகொள்கிறது. ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 8 ஆண்டு உத்தரவாதம் ஐந்தாண்டு நான்கு மாதத்திலேயே தீர்ந்துவிடும்.

வரம்புக்குக் கீழே போகட்டும் என்று வேண்டுமென்றே எப்போதும் 100 விழுக்காட்டில் நிறுத்துவது, தேவையில்லாமல் வேகச் சார்ஜிங் செய்வது போன்ற யோசனைகளும் சிலருக்குத் தோன்றுகின்றன. இது சூதாட்டம். 71-இல் நின்றுபோனால் நட்டமெல்லாம் நமக்கே. வண்டியின் நினைவகத்தில் சார்ஜிங் வரலாறு பதிவாகியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

காத்திருப்பது நியாயமாகும் சூழல் ஒன்று உண்டு. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைப் பேட்டரியில் வோல்டேஜ் கோடு மிகத் தட்டையாக இருப்பதால், உள்ளே எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைக் கணினி ஊகிப்பதில் பிழை சேர்ந்துகொண்டே போகும். அவ்வப்போது முழுக்க ஏற்றினால்தான் அது திருந்தும். மற்ற வகைகளிலும் எப்போதும் 50-க்கும் 80-க்கும் இடையிலேயே வைத்திருந்தால் காட்டப்படும் கொள்ளளவு உண்மைக்குக் குறைவாகத் தெரியலாம். கோரிக்கையோடு போவதற்கு முன் ஒன்றிரண்டு முறை நன்றாகக் குறையவிட்டு மெதுவாக முழுக்க ஏற்றிப் பார்ப்பது நல்லது. சுவரிலிருந்து எடுத்த யூனிட்டுகளை அப்படியே பேட்டரிக் கொள்ளளவாக எண்ணிவிடக் கூடாது; ஏற்றும்போதே அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெப்பமாகவும் வேறு செலவாகவும் போய்விடும்.

சாஃப்ட்வேர் புதுப்பித்த அடுத்த நாள் முதல் தூரம் குறைந்தால் அது தேய்மானம் ஆகாது. 2019-இல் டெஸ்லா வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு சில மாடல் எஸ் பேட்டரிகளின் உச்ச வோல்டேஜைத் தற்காலிகமாகக் குறைத்தது. அமெரிக்காவில் 1,743 கார்கள் தொடர்பான அந்த வழக்கை நிறுவனம் 2021-இல் இழப்பீடு தந்து முடித்துக்கொண்டது. புதுப்பிப்புக்கு முன்னும் பின்னும் முழு சார்ஜில் காட்டிய எண்ணைக் குறித்து வைத்திருப்பவர்களுக்கே இத்தகைய வாதம் சாத்தியம்.

கையில் வருவது எது

கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகு முன்வைக்கப்படும் தீர்வு மூன்றில் ஒன்றாக இருக்கும்: பழுதான மாட்யூலை (செல்கள் பல சேர்ந்த ஒரு பகுதி) மட்டும் மாற்றுவது, செப்பனிட்ட முழு பேக்கை (எல்லாச் செல்களும் அடங்கிய முழுப் பேட்டரி) பொருத்துவது, புதிய பேக்கைப் பொருத்துவது.

மாட்யூல் மாற்றம் என்றதுமே, ஒட்டுப்போட்டுத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று பலர் கொதிக்கிறார்கள். எல்லா நேரத்திலும் அந்தக் கோபம் நியாயமானதன்று. இரண்டு மூன்று ஆண்டு ஓடிய வண்டியில் ஒரு மாட்யூல் மட்டும் உற்பத்திக் குறையால் கெட்டிருந்தால், மற்றவை நல்ல நிலையில் இருக்கும். அதை மட்டும் மாற்றுவதே சரியான மருத்துவம். நம்முடைய சொந்தப் பேக், நாம் பேணிய வரலாற்றோடு, நம்மிடமே இருக்கும். ஆனால் வேலை நுட்பமானது. புதிதாக வரும் மாட்யூலின் வோல்டேஜை மற்றவற்றோடு துல்லியமாகச் சமப்படுத்திய பிறகே இணைக்க வேண்டும், ஏனென்றால் வண்டிக்குள் உள்ள சமப்படுத்தும் சுற்று மிகச் சிறிய மின்னோட்டத்தில் வேலை செய்வது. பெரிய வேறுபாட்டைச் சரிக்கட்ட அதனால் ஆகாது. அவசரமாகச் செய்த வேலையில், சில வாரங்களிலேயே செல் சமநிலைப் பழுது மீண்டும் தலைகாட்டும். இன்னொன்று, புது மாட்யூலின் கூடுதல் கொள்ளளவு வண்டிக்குப் பயன்படாது. தொடரில் உள்ள பழைய தொகுதிகள் எவ்வளவு தருமோ அவ்வளவே கிடைக்கும். ஏழாண்டு ஓடிய வண்டியில் ஒரு மாட்யூல் விழுந்திருக்கிறது என்றால், அதே வயதும் அதே வெயிலும் கண்ட மற்றவை வரிசையில் நிற்கின்றன என்று எண்ணுவதே பாதுகாப்பு. இரண்டாம் முறை மாட்யூல் பழுது வந்த வண்டிக்கு மூன்றாம் முறையும் மாட்யூல் மாற்றத்தை ஏற்பதில் பொருளில்லை. அப்போது முழு பேக்கையே எழுத்தில் கோர வேண்டும்.

மாட்யூல் என்ற தேர்வே இல்லாத கார்களும் பெருகிவருகின்றன. சீன நிறுவனமான பிஒய்டியின் பிளேடு பேட்டரியில் நீண்ட செல்களே நேரடியாகப் பேக்காக அடுக்கப்படுகின்றன. டெஸ்லா மாடல் ஒய்யின் 4680 என்ற உருளைவடிவச் செல் கொண்ட பதிப்பில் பேக் காரின் உடற்கட்டமைப்பின் பகுதியாகவே, செல்கள் பிசினில் ஒட்டப்பட்டு இருக்கிறது. அங்கே உத்தரவாதத் தீர்வு என்றால் அது முழு பேக்தான்.

செப்பனிட்ட பேக் என்பது வேறு வண்டிகளிலிருந்து வந்த பேக்குகளைத் தொழிற்சாலையில் திறந்து, கெட்டதை நீக்கி, ஒத்த நிலையில் உள்ள மாட்யூல்களைச் சேர்த்துச் சோதித்துத் தருவது. அடுத்தவர் பயன்படுத்தியதா என்ற முகச்சுளிப்பு புரிந்துகொள்ளக்கூடியது. எனினும் தெருமுனைப் பட்டறையில் பிரித்து மூடிய பேக்கைவிடத் தொழிற்சாலையில் சோதனை மேடையில் ஏறி இறங்கிய பேக் பெரும்பாலும் நம்பத்தக்கது. பேக் வந்து சேர்ந்துவிட்டால் மாற்றும் வேலை சில மணி நேரத்தில் முடிந்தும் விடும். ஐந்து ஆண்டுக்கு மேல் ஓடிய வண்டிக்கு நான் தேர்ந்தெடுப்பது இதையே. நிபந்தனை ஒன்றுதான்: வரப்போகும் பேக்கின் அளவிட்ட கொள்ளளவு எண்ணால் எழுதித் தரப்பட வேண்டும். டெஸ்லாவின் உத்தரவாத வாசகம், மாற்றுப் பேட்டரியின் கொள்ளளவு பழுதுக்கு முன் இருந்த பேட்டரியின் அளவுக்காவது இருக்கும், வண்டியின் வயதும் ஓடிய தூரமும் கணக்கில் கொள்ளப்படும் என்ற பொருளில் அமைந்திருக்கிறது. அதன்படி பார்த்தால் 82 விழுக்காட்டில் இருந்த பேட்டரிக்குப் பதிலாக 83 விழுக்காட்டு பேக் வந்தால் வாக்குறுதி நிறைவேறிவிட்டது. நம் பேட்டரி பழுதாகும் முன் எவ்வளவு இருந்தது என்பதற்குச் சான்று வைத்திருப்பது ஏன் முக்கியம் என்பது இங்கே தெரியும்.

புதிய பேக், கேட்டுப் பெறுவது என்பதைவிட அமைவது என்றே சொல்ல வேண்டும். மாடல் புதிதாக இருந்து செப்பனிட்ட பேக்குகள் இன்னும் சேராத காலத்திலும் ரீகாலிலும் அது கிடைக்கிறது. பழைய அளவுப் பேக் தயாரிப்பில் இல்லாதபோது பெரிய பேக்கைப் பொருத்தி, சாஃப்ட்வேரால் பழைய அளவுக்கே அடக்கி வைப்பதும் உண்டு. அதைக் குறையாக நினைக்கத் தேவையில்லை, செல்கள் எப்போதும் நிரம்பி வழியாமல் இருப்பதால் அவற்றின் ஆயுள் நீளவே செய்யும்.

புதியதா செப்பனிட்டதா என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்றைப் பலர் கேட்கவே மறந்துவிடுகிறார்கள். மாற்றிய பேட்டரிக்கு உத்தரவாதம் எதுவரை? வழக்கமாக வண்டியின் மூல உத்தரவாதத்தில் மிச்சமிருப்பதே தொடரும். ஏழு ஆண்டு பத்து மாதத்தில் மாற்றினால் மிச்சம் இரண்டு மாதம்தான். அதற்கு மேல் மாற்று உதிரிபாகத்துக்கென்று தனி உத்தரவாதம் உண்டா, அது எவ்வளவு காலம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. இரண்டாண்டுத் தனி உத்தரவாதத்தோடு வரும் செப்பனிட்ட பேக்கும் இரண்டு மாதத்தில் எல்லாம் முடியும் புதிய பேக்கும் முன்னால் இருந்தால், நான் யோசித்துவிட்டுப் புதிய பேக்கை எடுக்கலாம். ஆனால் மாட்யூல் மாற்றத்துக்கு இரண்டே மாத உத்தரவாதம் என்றால் அதை எடுக்க மாட்டேன்.

மற்ற வழிகள்

வெளிப் பட்டறையில் திறந்து பார்ப்பது உத்தரவாதம் முடிந்த பிறகு நல்ல தேர்வாக இருக்கலாம். முடியும் முன் அதற்கு இடமே இல்லை. பேக்கின் மூடி திறக்கப்பட்டிருந்தால் கோரிக்கையை மறுக்க அதுவே போதும். கண்டறியும் கருவியைச் செருகித் தரவுகளைப் படித்துப் பார்ப்பது வேறு. மறுக்கப்பட்ட கோரிக்கையை மீண்டும் எழுப்ப அந்த அறிக்கை உதவும். மறுப்பு எப்போதும் எழுத்தில், காரணத்தோடும் அளவிட்ட எண்ணோடும் பெறப்பட வேண்டும்.

கோரிக்கை நிலுவையில் இருக்கும்போதே காரை விற்றுவிடும் எண்ணம் எழலாம். பெரும்பாலான பேட்டரி உத்தரவாதங்கள் வண்டியோடு அடுத்தவருக்குப் போகும் என்றாலும், விதிவிலக்குகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் மஹிந்திரா தன் பிஇ 6 காருக்கு அறிவித்த வாழ்நாள் உத்தரவாதம் முதல் உரிமையாளருக்கானது. கைமாறினால் 10 ஆண்டு அல்லது 2 லட்சம் கிலோமீட்டராகச் சுருங்கும். சான்றோடு மாற்றப்பட்ட பேட்டரி உள்ள காருக்கு வரும் மதிப்பு, சந்தேகத்தோடு நிற்கும் காருக்கு வராது. ஆகவே மாற்றிவிட்டு விற்பதே இலாபம்.

சட்டத்தின் போக்கும் உரிமையாளர் பக்கம் மெல்லத் திரும்புகிறது. ஐக்கிய நாடுகளின் கீழ் 2022-இல் வகுக்கப்பட்ட உலகத் தொழில்நுட்ப விதி எண் 22, 5 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வரை 80 விழுக்காடும், 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை 70 விழுக்காடும் நிற்க வேண்டும் என்கிறது. ஐரோப்பாவின் யூரோ 7 என்ற வாகன மாசு விதி இரண்டாவதை 72 ஆக உயர்த்தியிருக்கிறது. 2022-இல் வகுக்கப்பட்ட கலிஃபோர்னிய விதி 2026 மாடல் முதல் 8 ஆண்டு, 70 விழுக்காடு உத்தரவாதத்தைக் கட்டாயமாக்கியதோடு, பேட்டரியின் நலத்தை ஓட்டுநரே பார்க்கும்படி காரில் காட்டவும் சொன்னது. உத்தரவாத விழுக்காட்டைவிட அந்தக் கடைசி நிபந்தனையே தகராறுகளைக் குறைக்கும் என்று நினைக்கிறேன்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், முறை வரும்வரை நோயுற்ற வண்டி வாரக்கணக்கில் நிற்கும் காலம் கவனத்துக்குரியது. லீஃப் காரின் உத்தரவாதத்தில், சார்ஜ் ஏறத்தாழப் பூச்சியத்தில் 14 நாளுக்கு மேல் விடுவதும், 49 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் நிறுத்துவதும் விலக்குகளாகவே எழுதப்பட்டிருக்கின்றன. பிற நிறுவனங்களிலும் இதையொத்த வரிகள் உண்டு. நிற்கும் வண்டியைப் பாதியளவு சார்ஜில் வைத்து, 12 வோல்ட் பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொண்டால், அலட்சியம் என்ற சொல்லுக்கு இடம் தராமலிருக்கலாம். வண்டியைத் திரும்ப எடுக்கும் நாளில் பழைய பேக்கின் வரிசை எண், புதிய பேக்கின் வரிசை எண், அன்றைய அளவிட்ட கொள்ளளவு, ஓடிய கிலோமீட்டர், தனி உத்தரவாதம் முடியும் தேதி ஆகிய ஐந்தும் வேலைச் சீட்டில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையொப்பமிட வேண்டும்.